எவ்வளவு சேர்த்தால் இந்தப் பயம் நிற்கும்?

சொந்த வீடு இருக்கிறது, கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது, சேமிப்பும் கொஞ்சம் தங்கமும் கையில் உண்டு. ஆனாலும், உங்களோடு வேலை பார்ப்பவரின் வீடு ஒரே இரவில் எரிந்துபோனதைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவுமே நிலையில்லை என்றால் எதற்காக இத்தனையும் சேர்க்கிறோம், கடைசியில் எதுதான் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் தத்துவக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் போனை எடுத்து வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பீர்கள், பார்த்த பிறகும் தூக்கம் வருவதில்லை. நான் அந்த வரியைத்தான் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். இன்னும் எவ்வளவு சேர்த்தால் இந்தப் பயம் நிற்கும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நிலைப்பது எது என்பதற்கும் அதன் வழியாகவே வந்துசேரலாம்.

நான் தத்துவம் படித்தவன் இல்லை, மனநல மருத்துவனும் இல்லை. 22 வருடங்களாக இன்சூரன்ஸ் சர்வேயர். தீயோ வெள்ளமோ திருட்டோ நடந்து கிளெய்ம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அறிக்கை கொடுப்பது என் வேலை. சாம்பல் சூடு ஆறுவதற்குள் நோட்டும் கேமராவுமாக ஒருவர் வீட்டுக்குள் நுழைகிற அந்நியன் நான். அதனால் பொருளை இழந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் பாலிசி எடுத்தவர்கள், அதாவது பிரீமியம் கட்டும் அளவுக்கு வசதி உள்ளவர்கள். எந்தக் காப்பும் இல்லாமல் இருந்ததையெல்லாம் இழந்தவர்கள் என் கண்ணில் படுவதே இல்லை. அதோடு, நான் பார்ப்பது ஒருவருடைய வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தை. அதற்கு முன்னும் பின்னும் அவர் எப்படி என்பது பெரும்பாலும் எனக்குத் தெரியாது. நான் சொல்வதில் இந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் என்னை உலுக்கியது நெருப்பு இல்லை, பட்டியல். வீட்டுப் பொருட்கள் எரிந்துபோனால் உள்ளே என்னென்ன இருந்தன என்று உரிமையாளர்தான் எழுதித் தர வேண்டும். அறை அறையாக யோசித்து எழுதுங்கள் என்று காகிதத்தைக் கொடுப்பேன். அந்த வீட்டிலேயே 20 வருடம் வாழ்ந்தவர்கள்கூட இரண்டு மூன்று பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். டிவி, பிரிட்ஜ், கட்டில், பீரோ, அப்புறம்... பேனா அப்படியே நிற்கும். பீரோவுக்குள் என்ன இருந்தது, பரணில் என்ன கிடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போன் வரும், "சார், ஒண்ணு விட்டுப்போச்சு" என்று. ஒரு பெரியவர் ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு, ஒரு மேசை விளக்கைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அவருடைய கிளெய்ம் அதற்குள் முடிந்தே போயிருந்தது. அதிர்ச்சியில் மறந்துவிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் எந்த அதிர்ச்சியும் இல்லாத நண்பர்களை உட்காரவைத்து விளையாட்டாக எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர்களும் மூன்றாவது பக்கத்தைத் தாண்டவில்லை. நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி நம் நினைவிலேயே இல்லை. நினைவிலேயே இல்லாத பொருள் இத்தனை நாளும் நமக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது?

உள்ளே போக அனுமதி கிடைத்ததும் எதைத் தேடுகிறார்கள் என்பது இன்னொரு பாடம். முதல் ஒரு மணி நேரம் பத்திரம், சான்றிதழ், நகை. அது நியாயம்தான். பத்திரத்துக்கு நகல் வாங்கிவிடலாம், தங்கம் உருகிக் கட்டியாகக் கிடைத்தாலும் தங்கம்தான். அதற்கப்புறம் தேடும் விதமே மாறும். குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் ஊறி ஒட்டிப்போன போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். யாரோ எழுதிய கடிதத்தின் பாதி, ஒரு குழந்தையின் முதல் செருப்பு, இறந்துபோனவரின் மூக்குக்கண்ணாடி. (இப்போது போட்டோ எல்லாம் போனுக்குள் போய்விட்டதால் இளையவர்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தேடுகிறார்கள். தேடும் முகம் மட்டும் மாறவில்லை.) அவசரத்தில் மனிதன் எதைக் காப்பாற்றுவான் என்பதற்கு ஒரு கணக்கே கிடையாது. 1666இல் லண்டன் பற்றி எரிந்தபோது கடற்படை அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் தோட்டத்தில் குழி வெட்டி ஒயினையும் ஒரு பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்தார். அவரே எழுதிவைத்த செய்தி இது. அவர் மேல் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கேஸ் சிலிண்டர் வெடிக்கப்போகிற வீட்டுக்குள் மிக்ஸி ஜாரின் மூடிக்காக ஓடியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்தப் போட்டோவுக்கு என்ன போடுவீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இழந்த மதிப்பை ஈடுகட்டலாம், அதற்குமேல் ஒரு ரூபாய்கூட லாபமாகப் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. அதனால் ஏழு வருடம் ஓடிய பிரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்துத்தான் போடுவோம். புது விலையே தருகிற பாலிசிகளும் உண்டு, ஆனால் அதற்குப் பிரீமியம் கூடுதல். தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற கோபம் எனக்குப் பழகிவிட்டது. இது பேராசை இல்லை என்றும் புரிந்துவிட்டது. கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். சில நிமிடம் கையில் வைத்திருந்தவர்கள் அதை விற்க, கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். சில நிமிடத்துக்கே இப்படி என்றால் 20 வருடம் வாழ்ந்த வீட்டுக்கு என்ன கணக்கு? நம்முடையது என்றான உடனே பொருளின் மதிப்பு நம் மனதில் ஏறிவிடுகிறது. சேர்க்கச் சேர்க்க இழக்கும் பயமும் கூடவே வளர்வதற்கு இது ஒரு காரணம். உங்கள் கடன் முடிகிற நேரத்தில் பயம் குறையாமல் கூடியிருக்கிறதே, அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, பொருளே வேண்டாம், எல்லாம் மாயை என்று நான் சொல்லவருவதாக நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேளையும் நிச்சயமாக உள்ளவர்கள். திருக்குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, 34ஆவது. பொருள்செயல்வகை என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது, 76ஆவது. முதலாவதைச் சொல்லிவிட்டதால் இரண்டாவதை வள்ளுவர் விட்டுவிடவில்லை. பணம் இல்லாத நெருக்கடி மனதை என்ன செய்கிறது என்பதற்கு 2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஆள் அதே ஆள்தான், ஆனால் கையில் காசில்லாத நாட்களில் யோசிக்கும் திறன் குறைந்தும், பணம் வந்த பிறகு கூடியும் தெரிந்தது. இதை அப்படியே எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்த 2016 ஆய்வு ஒன்றில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்று தெரியாத ஒருவரிடம் நிலையாமை பற்றிப் பேசுவது அநாகரிகம் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

பணம் கூடினால் சந்தோஷம் கூடுமா என்பதில்தான் பெரிய குழப்பம். லாட்டரியில் ஜெயித்தவர்களும் கடைசியில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறார்கள் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிற 1978ஆம் ஆண்டு ஆய்வில் ஜெயித்தவர்கள் மொத்தம் 22 பேர்தான். ஸ்வீடனில் பெரிய பரிசு வாங்கியவர்களை வைத்து 2020இல் வந்த விரிவான ஆய்வு, பத்து வருடத்துக்குமேல் ஆன பிறகும் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி கூடித்தான் இருந்தது என்கிறது. வருமானத்தைப் பற்றி 2010இல் கானமனும் டீட்டனும் எழுதியபோது, வருடத்துக்கு 75,000 டாலருக்குமேல் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்றார்கள். 2021இல் கில்லிங்ஸ்வொர்த் அப்படி இல்லை, உயர்ந்துகொண்டேதான் போகிறது என்றார். பிறகு இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து 2023இல் ஒரு முடிவுக்கு வந்தன: பெரும்பாலானவர்களுக்கு உயர்கிறது, மிகவும் மனம் வாடியிருக்கிற ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்குமேல் உயர்வதில்லை. இதை நான் பலமுறை படித்தேன். அவர்களை வாட்டுவது எதுவோ, அது பணத்துக்குக் கட்டுப்படாதது என்றுதான் எனக்குப் படுகிறது. இது என் ஊகம், ஆய்வாளர்கள் தலையில் கட்ட விரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் என் தொழிலிலிருந்து நான் கற்ற ஒரே பெரிய விஷயத்தைச் சொல்ல வேண்டும். பயத்தில் இரண்டு ஜாதி உண்டு. எண் போட முடிகிறது ஒன்று, எண் போட முடியாதது இன்னொன்று. வீடு எரிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்? எண் உண்டு. வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்வரை குடும்பம் ஓட எவ்வளவு வேண்டும்? எண் உண்டு, ஆறு மாதச் செலவு என்பது பொதுவாகச் சொல்கிற அளவு, பொறுப்பு அதிகம் என்றால் ஒரு வருடம். பெரிய நோய், சம்பாதிக்கிறவரின் மரணம், இவற்றுக்கும் குடும்பத்தின் தேவையைப் பொறுத்து எண் போடலாம். இந்த வகைப் பயத்துக்குச் சேமிப்பும் இன்சூரன்ஸும் உண்மையான மருந்து. அரைகுறை மருந்து இல்லை, முழு மருந்து. இன்னொரு வகை இருக்கிறது. நான் விழுந்தால் யார் வருவார்கள்? வேலை போய்விட்டால் நான் யார்? நான் இல்லாமல் போனால் என்னை நினைக்க யாராவது இருப்பார்களா? இதற்கு எண் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு வருகிற பயம் பெரும்பாலும் இந்த வகை. ஆனால் அது எண் உள்ள பயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால் நாம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறோம். தொண்டை வலிக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பது மாதிரி.

ஆகவே உங்களுக்கு நான் சொல்கிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் உங்கள் பயங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எதற்கெல்லாம் எண் போட முடிகிறதோ போடுங்கள். கையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றாக்குறை இருந்தால் அதை அடைக்க ஒரு தேதி வையுங்கள். வீட்டுப் பாலிசியின் தொகை இன்று கட்டடம் கட்ட ஆகும் செலவுக்கு நிகராக இருக்கிறதா என்று பாருங்கள், வாங்கிய அன்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. சில வகைப் பாலிசிகளில், பாதி மதிப்புக்கு மட்டும் காப்பு எடுத்திருந்தால் பாதி வீடு எரிந்தாலும் அந்த இழப்பில் பாதிதான் கிடைக்கும். எழுத்தில் படித்திருந்தாலும் கிளெய்ம் நாளில்தான் இது பலருக்கு உறைக்கிறது. போனில் வீடியோ போட்டபடி வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள், பீரோவைத் திறந்து, பரணையும் காட்டி. பத்து நிமிட வேலை. பிரதியை வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு மனிதரிடமாவது சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்கிற நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நாங்கள் வெளியூரில் இருந்த மூன்று நாளும் வீட்டுக்குள் கொட்டியிருக்கிறது. வந்த சர்வேயர் என்னைவிட 15 வயது இளையவர். என் பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதைக்காக எதுவும் பேசாமல் இருந்தார். தொகையை ஒன்பது வருடமாக நான் உயர்த்தவே இல்லை. என் கையால் எத்தனையோ பேருக்கு வெட்டிய அதே விகிதத்தில் எனக்கும் வெட்டு விழுந்தது. அப்புறம் அவர் பட்டியல் கேட்டார். இரண்டரைப் பக்கம் எழுதினேன்.

எண் உள்ள பயத்தைத் தீர்க்கிற பொருளும்கூடத் தனியாக நின்று எதையும் செய்வதில்லை என்பதைக் கவனித்தீர்களா? லண்டன் தீயில் சுமார் 13,200 வீடுகள் போயின. அதற்குப் பிறகு 1680 வாக்கில் நிக்கொலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக்காப்பு விற்க ஆரம்பித்தார். இன்றைய தீக்காப்புத் தொழிலின் வேர்களில் ஒன்று அது. இன்சூரன்ஸ் என்பது முகம் தெரியாத ஆயிரம் பேர், யார் வீடு எரிந்தாலும் எல்லாரும் சேர்ந்து கொடுப்போம் என்று செய்துகொள்கிற ஒப்பந்தம்தானே. இந்த யோசனை அதைவிட ரொம்பப் பழையது. ரோமுக்கு அருகில் லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ஓர் ஈமச்சடங்குச் சங்கத்தின் விதிகளைச் சொல்கிறது. சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு ஜாடி நல்ல ஒயினும் கொடுக்க வேண்டும், பிறகு மாதச் சந்தா. உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவு சங்கத்துடையது. ஏழைகளும் அடிமைகளும்கூட உறுப்பினர்கள். பணமும் இப்படித்தான், பலர் சேர்ந்து காப்பாற்றுகிற ஒரு வாக்கு. வாக்கு உடைந்தால் என்ன ஆகும் என்று ஜெர்மனியில் தெரிந்தது: 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். தங்கம் பத்திரம் என்பீர்கள். 1933இல் அமெரிக்க அரசு, சிறு விலக்குகள் போக, மக்கள் வைத்திருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னது, அவுன்சுக்கு 20.67 டாலர் கொடுத்து. மறு வருடமே அதிகாரபூர்வ விலை 35 டாலர் ஆனது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படி நடப்பது அபூர்வம். நாம் கெட்டியான பொருள் என்று பிடித்துக்கொண்டிருப்பதன் அடியில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

எண் இல்லாத பயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு அதிகாரம் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தையல்காரம்மாவின் கடை முழுக்க எரிந்துவிட்டது, நான்கு மெஷின், வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த துணிகள், எல்லாம். பாலிசியும் சிறியது. ஆறாம் நாள் மறுபடி பார்க்கப் போனபோது பக்கத்துக் கடையின் திண்ணையில் யாரோ கொடுத்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். அளவு நோட்டும் எரிந்துபோனதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆளைப் பார்த்தால் அளவு தெரியாதா தம்பி என்றார். துணியை இழந்தவர்களில் சிலர் புதுத் துணியோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன், கடன் அடைக்க மூன்று வருடம் ஆனது. ஆனால் அன்றைக்கு அந்தத் திண்ணையில் என்ன எரியாமல் இருந்தது என்று பார்த்தால், கையில் இருந்த வேலையும், அவரை நம்பி வந்து நின்றவர்களும். எதிர்முனையில் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பெரிய கிடங்கு, சரியான தொகைக்குக் காப்பு, காகிதமெல்லாம் கண்ணாடி மாதிரி. முழுத் தொகையும் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம்போல எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். முதலில் கிளெய்ம் பற்றி ஏதாவது சந்தேகம் கேட்பார், பிறகு அதுவும் இல்லை, சும்மா பேசுவார். தீப்பிடித்த இரவு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாக ஒருநாள் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒன்றிரண்டு ஆட்களை வைத்துப் பொதுவிதி சொல்வது தப்பு. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், 2010இல் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 3 லட்சத்துக்குமேல் ஆட்கள். நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்னும் நடக்கிற ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது, உறவுகளின் தரத்துக்கும் முதுமையின் நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று. ஆனால் அதில் முதலில் சேர்க்கப்பட்ட 724 பேரும் ஆண்கள், ஒரே வட்டாரத்திலிருந்து எடுத்தவர்கள். அதோடு, உறவு இருப்பதால் உடல் நன்றாக இருக்கிறதா, உடல் நன்றாக இருப்பதால் உறவைப் பேண முடிகிறதா என்பதை இந்த மாதிரி ஆய்வில் முழுசாகப் பிரித்துவிட முடியாது. உறவு முக்கியம் என்பது உறுதி. எவ்வளவு முக்கியம் என்று எண் போடுகிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பேன். உறவே பாதுகாப்பு என்று நான் பாட்டுப் பாடவும் மாட்டேன். கிளெய்ம் தொகை வந்த மறுநாளே பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய மகன்களையும் பார்த்தவன் நான்.

எது நிலைக்கும் என்ற உங்கள் முதல் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், எதை நிலைக்கவைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன். பாலாடைக்கட்டியைப் புதைத்த பீப்ஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அது அச்சில் வந்தது 1825இல், அவர் இறந்து நூறு வருடத்துக்குமேல் ஆன பிறகு. கடற்படையில் அவர் செய்த பெரிய வேலைகளெல்லாம் அறிஞர்களுக்கு மட்டும் தெரியும். அந்த நெருப்பு நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதில் அந்தக் குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தையல்காரம்மா இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் கற்ற இரண்டு பெண்கள் தைக்கிறார்கள், துணியைக் கத்தரிக்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்ப்பது அவருடைய பழக்கம், அதை அவர்களிடமும் பார்த்தேன். இதை நிலைப்பது என்று சொல்லலாமா தெரியவில்லை. அவர்களுக்குப் பிறகு அந்தத் தட்டலும் போகலாம். கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாகப் படுகிறது, உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வியின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அப்பா வீட்டின் பங்கு விஷயத்தில் அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் நீங்களே சேர்த்திருக்கிறீர்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பேசி நன்றாக ஆனதையும் பார்த்திருக்கிறேன், பேசி முன்பைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன், உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் பயங்களை எழுதும்போது அவர் பெயர் எங்காவது வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால், அதற்கு எதிரே ஒரு எண் போட முடிகிறதா என்று பாருங்கள்.